செந்நாய் கடித்த தோல்

எனக்கு நாயென்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு என்னைப் பெரிய காட்டு வீரன் என்று யாராவது நினைத்துக்கொள்ளப் போகிறார்கள். பினாங்கில் எங்கள் தெருமுனைச் சீனர் காப்பிக்கடை வாசலில் ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும். அதற்குப் பல்லே இல்லை என்கிறார்கள். நான் வாயைத் திறந்து பார்க்கவில்லை. அதற்குப் பயந்து தினமும் சுற்றுவழியில் வேலைக்குப் போகிறவன்தான், ஜவ்வாது மலையில் ஒரு பாறையின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு செந்நாய்கள் எப்போது வரும் என்று காத்துக்கிடந்தேன். என் மனைவி இன்றுவரை இதை நம்பவில்லை.

எண்பத்திரண்டாம் வருஷம் பொங்கல் சமயம். நான் வேலை பார்க்கும் காலணி தைக்கும் கடைக்கு மேல்தோல் ஆம்பூரிலிருந்துதான் வரும். “தபாலில் எழுதி எழுதிக் கை வலிக்கிறது. நீயே போய் உட்கார்ந்து, ஒவ்வொரு தோலாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வா” என்று முதலாளி அனுப்பிவிட்டார். வேலூரில் என் பெரியப்பா மகள் டெய்சி அக்கா இருந்ததால் தங்குவதற்குக் கவலையில்லை.

பினாங்கிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் உறவுக்காரர்கள் பட்டியல் போட்டு எழுதுவார்கள். கோடாலித் தைலம், நைலெக்ஸ் புடவை, டிரான்சிஸ்டர். டெய்சி அக்கா ஒரே ஒரு சாமான்தான் கேட்டிருந்தாள். நல்ல பைனாகுலர். மெட்ராஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைக் கண்ணில் வைத்து என் மூக்கைப் பார்த்தார்.

“இதை வெச்சு யாரை வேவு பார்க்கப் போறீங்க?”

“எங்க அக்காவைத்தான் சார் கேக்கணும்” என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை வேலூர் போய்ச் சேர்ந்தேன். அக்கா பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். நாற்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, கணீரென்ற குரல். என் பெட்டியை வாங்கி வைப்பதற்கு முன்னால் பைனாகுலரை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். “பசியாறிட்டீங்களா?” என்று நான் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடம் மரியாதைக்கு விசாரிக்க, அந்த அம்மாள் “இன்னா சார், கோயில்ல சொற்பொழிவு மாதிரி பேசறீங்க” என்று சிரித்தாள். எங்கள் ஊரில் சீனர்கூடத் தமிழர்களைப் பார்த்தால் அப்படித்தான் கேட்பார்.

வேவு யாரைப் பார்க்க என்பது சாப்பாட்டு நேரத்தில் தெரிந்தது. மூன்று வருஷமாக, பள்ளி விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் அக்கா அமிர்தி வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மலையேறி, செந்நாய்களைத் தேடிக்கொண்டிருக்கிறாளாம். ஒரே ஒரு கூட்டம். எட்டோ ஒன்பதோ. ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருந்தாள். எந்த ஓடையில் கால் தடம், எந்தப் பாறைப் பக்கம் சத்தம் என்று.

“குரைக்குமா?” என்றேன்.

“குரைக்காதுடா. விசிலடிக்கும்.”

உதட்டைக் குவித்து அடித்தும் காட்டினாள். எங்கள் தெருவில் வாலிபப் பையன்கள் அடித்தால் அடி வாங்கித் தரும் சத்தம் அது.

அக்கா சொன்னதில் எனக்கு இன்னொரு விஷயமும் ஆச்சரியம். அந்தக் காலத்தில் செந்நாயைக் கொன்று காட்டினால் சர்க்காரே சன்மானம் கொடுத்ததாம். இப்போது கொல்லக் கூடாது என்று சட்டம் வந்து பத்து வருஷமாகப் போகிறது. “சட்டம் பஸ் ஏறி அமிர்தி வரைக்கும் வந்துடுச்சு. அதுக்கு மேல நடக்கணும் பாரு, அங்கதான் மூச்சு வாங்குது” என்றாள்.

செவ்வாயன்று ஆம்பூர். ஊர் வருவது கண்ணுக்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. பாலாற்றில் மணலும், மணலுக்கு நடுவே தோல் தொழிற்சாலைகளிலிருந்து வரும் பழுப்பு நிறத் தண்ணீரும். நான் கைக்குட்டையை எடுப்பதைக் கண்டக்டர் பார்த்துவிட்டார்.

“புதுசா சார்? ரெண்டு நாள்ல பழகிடும். அப்புறம் உங்க ஊருக்குப் போனா அங்க ஏதோ கம்மியா இருக்கிற மாதிரி இருக்கும்.”

எனக்குத் தோல் பிரித்துக் காட்ட ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். பெயர் கவுஸ் பாய். என் வயதுதான். தொந்தி மட்டும் என்னைவிட ஜாஸ்தி. தொழிற்சாலையில் அவரை ‘அசார்ட்டர்’ என்பார்கள். வெளிச்சம் விழும் ஜன்னலோரம் பெரிய மேஜை. ஒவ்வொரு தோலாக வீசி விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, “ஃபர்ஸ்ட்”, “தேர்ட்”, “ரிஜக்ட்” என்று தள்ளிக்கொண்டே போவார். ஒரு தோலுக்கு நான் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற நேரம்கூட ஆகாது.

அவர் தோலைப் பார்ப்பதில்லை, மாட்டைப் பார்க்கிறார் என்பது ஒரு மணி நேரத்தில் புரிந்தது.

“இது வண்டி இழுத்த மாடு. பாருங்க, நுகத்தடி தேஞ்ச எடம். இது முள்வேலி தாண்டித் தாண்டி அடுத்தவன் கொல்லையில மேஞ்ச திருட்டு மாடு. இது பாவம், உண்ணிக்கடி ஜாஸ்தி. வீட்டுல கவனிக்க ஆள் இல்லே.”

தெருவில் போகும் உயிருள்ள மாட்டையும் அவர் விடுவதில்லை. டீக்கடைக்குப் போகும் வழியில் ஒரு வெள்ளைக் காளை எதிரே வந்தது. கவுஸ் பாய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, “செகண்ட்” என்றார். காளைக்காரர் முறைத்தார். நான் பாயை இழுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் வேலூர் திரும்பியபோது, அக்கா வீட்டுக் கூடத்தில் மாரி உட்கார்ந்திருந்தான். மலையிலிருந்து தேன் கொண்டுவந்து விற்கிற ஆள். அக்காவின் முகம் வெளுத்திருந்தது.

“எங்க ஊருப் பூங்காவனத்தோட பசுவைச் செந்நாய் புடிச்சிடுச்சும்மா. ஞாயித்துக்கிழமை. பின்பக்கமெல்லாம் கிழிச்சிப் போட்டுட்டுது. ஊர்ல ஒரே கோவம். ஏற்கெனவே வெள்ளையன் கன்னுக்குட்டி போச்சில்ல? மருந்து வெக்கறதுன்னு பேசி முடிச்சிட்டாங்க. மாட்டுப் பொங்கலன்னிக்கு ஒரு உசுரை எடுக்கக் கூடாது, அதனால மறுநாள் விடியக்காலைல.”

ஒரு செத்த ஆட்டில் பூச்சிமருந்தை ஊற்றி, செந்நாய் நடமாடும் ஓடையோரம் போடுவார்கள். கூட்டமாகத் தின்னும், கூட்டமாகச் சாகும்.

மாரி போனபின் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ஒரு மாசமா அதுங்க ஒரே பாறையைச் சுத்திக்கிட்டு இருக்குதுடா. ஒரு பொட்டை மட்டும் வேட்டைக்கே வர்றதில்லே. குட்டி போட்டிருக்கு. நான் இன்னும் கண்ணால பார்க்கலே, ஆனா போட்டிருக்கு. பெருசுங்க செத்தா குட்டிங்க பொந்துக்குள்ளயே பட்டினி கிடந்து செத்துப்போயிடும்.”

நாய்களுக்காக ஒருத்தர் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் அழுவது என் அக்கா. மறுநாள் காலை தபாலாபீஸிலிருந்து வனத்துறைக்குப் போன் போட்டுப் பார்த்தாள். பொங்கலுக்காக எல்லோரும் முன்கூட்டியே ஊருக்குப் போய்விட்டார்கள் போல, எடுக்க ஆளில்லை.

புதன்கிழமை மேஜையருகே நான் சரியாக இல்லை. ஒரு தோலில் பெரிய கீறல் இருக்க, “நல்லா இருக்கு” என்று தலையாட்டிவிட்டேன். கவுஸ் பாய் தோலைக் கீழே வைத்தார்.

“இன்னா தோஸ்த், இன்னிக்குக் கண்ணு எங்க போச்சு?”

சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி நாயைப் பற்றியோ மாரியைப் பற்றியோ இல்லை.

“அந்தப் பசுவோட தோலு எங்க?”

மலையில் மாடு செத்தால் தோலை உரித்து உப்புத் தடவி மடித்து வைத்துவிடுவார்களாம். பொங்கல் கழிந்தபின் ஒரு வியாபாரி ஏறிப்போய் மொத்தமாக வாங்கி வருவார். ஆக, தோல் இன்னும் மலையில்தான் இருக்கும்.

“எதாலயோ செத்துப்போன மாட்டை நாய் கடிச்சிட்டு, பழியும் அதும்மேலயே விழறது உண்டு. கடிச்சுக் கொன்ன தோலு வேற, செத்ததுக்கப்புறம் கடிச்ச தோலு வேற. நான் பார்த்தா தெரியும். ஆனா பார்க்காம ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நாளைக்கும் வெள்ளிக்கிழமையும் ஃபாக்டரி லீவுதானே? வெள்ளிக்கிழமை வர்றேன்.”

“வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஜும்மா தொழுகை இருக்குமே?”

“முசாஃபிருக்கு, அதான் பிரயாணிக்கு, அதுல சலுகை இருக்குது. மலையிலயே தொழுதுக்கறேன்.”

பக்கத்து மேஜைக்காரர் உருதுவில் ஏதோ சொல்ல, அந்த வரிசையே சிரித்தது. என்னவென்று கேட்டேன். “நாய்க்காக அழ ஒரு டீச்சர், தோலைப் பார்க்க நான், நடுவுல பயப்பட நீங்க. செட்டு ஜோரா இருக்குதுன்றான்” என்றார் கவுஸ் பாய்.

அன்று மதியம் அவர் வீட்டில் பிரியாணி. பினாங்கில் நாசி கண்டார் தின்று வளர்ந்தவன் நான். சோற்றின்மேல் நாலு வகைக் குழம்பைக் கலந்து ஊற்றிச் சோறே தெரியாமல் செய்தால்தான் எங்களுக்குத் திருப்தி. ஆம்பூர் பிரியாணியில் குழம்பே இல்லை. சீரகச் சம்பா அரிசி, ஆட்டுக்கறி, மிளகாய் விழுதின் சிவப்பு, ஓரமாகப் புளிப்பான கத்திரிக்காய். முதல் கவளத்தில் ‘இதென்ன, மொட்டையாக இருக்கிறது’ என்று நினைத்தேன். மூன்றாவது தட்டில் அந்த நினைப்பை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

வியாழன் பொங்கல். அக்கா வீடு கிறிஸ்தவ வீடு, ஆனாலும் நாலு வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் வந்து சேர்ந்தது. அக்கா எதையும் தொடவில்லை. நான் தொட்டேன். யாராவது ஒருவர் பலமாக இருக்க வேண்டும் அல்லவா?

வெள்ளிக்கிழமை காலை மூவரும் அமிர்தி பஸ் ஏறினோம். கவுஸ் பாய் ஒரு டிபன் கேரியரோடு வந்திருந்தார். கணியம்பாடி தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. எஞ்சினில் கோளாறில்லை. நடுரோட்டில் ஒரு எருது, கொம்பில் பச்சைப் பெயின்டும் கழுத்தில் சலங்கையுமாக, அசைபோட்டபடி படுத்திருந்தது. எங்கள் ஊராக இருந்தால் பின்னாலிருந்து பத்து லாரி ஹாரன் அடித்திருக்கும். இங்கே டிரைவர் இறங்கிப் போய் எருதின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பீடி பற்ற வைத்தார்.

“யோவ், எழுப்புய்யா!” என்றார் பின் சீட்டுக்காரர்.

“மாட்டுப் பொங்கலன்னிக்கு மாட்டை எழுப்பறதா? உங்க வீட்ல உன் பொறந்த நாளன்னிக்கு உன்னை எட்டி உதைப்பாங்களா?”

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நகத்தைக் கடித்தாள். கவுஸ் பாய் ஜன்னல் வழியாக எருதைப் பார்த்து மெல்ல, “ஃபர்ஸ்ட்” என்றார். முக்கால் மணி நேரம் கழித்து அதுவாக எழுந்து, அதுவாகப் போயிற்று.

அமிர்தியில் டீயும் முறுக்கும். அங்கே இருக்கும் சின்ன மிருகக்காட்சிசாலையின் குரங்குகளுக்கு அக்காவைத் தெரிந்திருந்தது. அங்கிருந்து ஏற்றம். நான் எங்கள் கடையின் புத்தம்புதுக் காலணியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன், நல்ல விளம்பரமாக இருக்கட்டும் என்று. இரண்டாவது ஓடையைத் தாண்டும்போது வலது காலின் அடித்தோல் வாயைப் பிளந்தது. மூன்றாவது ஓடையில் அது தனியாகவும் நான் தனியாகவும் ஆனோம்.

கவுஸ் பாய் மிச்சத்தைக் கையில் வாங்கி ஆராய்ந்தார். “மேல்தோலைப் பாருங்க, ஒரு சுருக்கம் இல்லே. அது நாங்க. அடித்தோல் யாரு?”

“பினாங்கில் ஒட்டினது” என்றேன்.

“அதான்!” என்று பரம திருப்தியோடு திருப்பிக் கொடுத்தார். மீதி ஏற்றத்தை ஒரு காலில் அக்காவின் பழைய ரப்பர் செருப்போடு நடந்து முடித்தேன்.

ஊர் என்றால் முப்பது வீடு இருக்கும். பலாமரங்களுக்கு நடுவே தாழ்ந்த புல் கூரைகள். எல்லா வீட்டு வாசலிலும் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்குக் காவி பூசி, பூச்சரம் கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் வெறும் முளைக்குச்சி. வாசலில் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். புருஷன் குடகில் காப்பித் தோட்டத்துக் கூலிக்குப் போயிருந்தான். அவளிடம் இருந்த ஒரே பசு அது. லச்சுமி. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பூங்காவனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்காமேல் கோபம் என்றுதான் நான் நினைத்தேன்.

வந்தவர்களுக்கு முதலில் சோறு போட்டுவிட்டுத்தான் அந்த ஊரில் சண்டையே போடுவார்கள் போலிருக்கிறது. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். சாமை என்பதை நான் கேள்விப்பட்டதோடு சரி. பொடியாக, உதிர் உதிராக, தொண்டையில் நிற்காமல் இறங்கியது. கவுஸ் பாய் மரத்தடியில் தொழுதுவிட்டு வந்து தன் கேரியரைத் திறந்தார். அவர் மனைவி கொடுத்தனுப்பிய கோழி வறுவல் குழந்தைகளிடையே இரண்டு நிமிஷத்தில் காலி.

பிறகு ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் எல்லோரும் கூடினார்கள். ஊர்க்கவுண்டர் என்றால் அந்த ஊருக்குத் தலைவர். நெட்டையான மனிதர், பேச்சு குறைவு. அவர் தலைக்குமேலே கூரையில் செருகியிருந்தது பூச்சிமருந்து பாட்டில்.

“கேஸு போடுவியா டீச்சரம்மா?” என்று நேராகக் கேட்டார்.

“போட மாட்டேன். உங்க மேல கேஸ் போட்டுட்டு நான் எங்க வந்து சோறு சாப்பிடறது?” என்றாள் அக்கா. “அந்தத் தோலை மட்டும் இவர் ஒரு தடவை பார்க்கட்டும்.”

உப்புப் போட்டு மடித்த தோலைக் கொண்டுவந்து போட்டார்கள். கவுஸ் பாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, உள்பக்கம் மேலே வரும்படி வெயிலில் விரித்தார். உப்பைத் தட்டினார். தண்ணீர் கேட்டு வாங்கிக் கட்டை விரலை நனைத்து, பின்பக்கத்துப் பல் ஓட்டைகளை ஒவ்வொன்றாகச் சுற்றித் தேய்த்தார். ஆம்பூரில் ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்கிறவர் இங்கே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். தொந்தியோடு குனிந்து குனிந்து அவருக்கு வியர்த்தது. எனக்கும் வியர்த்தது.

“வேற ஏதாவது தோலு இருக்குதா? செந்நாய் அடிச்சது?”

வெள்ளையன் தன் கன்றுக்குட்டித் தோலைத் தூக்கி வந்தான். பாய் அதையும் பக்கத்தில் விரித்துத் தேய்த்தார். நிமிர்ந்தார்.

“வந்து பாருங்க எல்லாரும். கன்னுக்குட்டித் தோலு. ஓட்டையைச் சுத்திக் கறுப்பா இருக்குது பாருங்க. உசுரோட இருக்கும்போது கடிச்சா ரத்தம் தோலுக்குள்ள எறங்கிக் கட்டிக்கும். உப்புப் போட்டாலும் போவாது. இது செந்நாய் கொன்னதுதான். அல்லா மேல ஆணையா அதை மறைக்க மாட்டேன்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் பாயின் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது. இவரை யார் உண்மை பேசச் சொன்னார்கள்?

“இது பசுத்தோலு. ஓட்டை பெருசு, கிழிசல் பெருசு. ஆனா சுத்தி வெள்ளையா சுத்தமா இருக்குது. ஒரு சொட்டு ரத்தம் கட்டலே. இது செத்துக் கிடந்ததுக்கு அப்புறம் கடிச்சது. எப்படிச் செத்துச்சுன்னு தோலு சொல்லாது. செந்நாய் கொல்லலேன்னு மட்டும் சொல்லுது.”

ஒருவர் மாறி ஒருவர் குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். அப்போது பூங்காவனம் பெருங்குரலெடுத்து அழத் தொடங்கினாள்.

“நான்தான்! நான்தான் கொன்னேன்! சோளக்கொல்லையில உட்டுட்டேன்!”

விஷயம் இதுதான். சோளம் அறுத்தபின் அடிக்கட்டையிலிருந்து இளங்குருத்து துளிர்க்கும். பார்க்கப் பச்சைப் பசேலென்று இருக்கும். மாட்டுக்கு அது விஷம். அதனால் பொங்கல் கழிந்து ஊர்க்கவுண்டர் சொல்லும்வரை எவர் மாடும் அறுத்த கொல்லையில் இறங்கக் கூடாது என்று அங்கே கட்டுப்பாடு. மீறினால் ஊர் நடுவே நிற்க வைத்துக் கேட்பார்கள். ஞாயிறு விடியற்காலையில், பால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தால் பொங்கலுக்கு நெய் எடுக்கலாம் என்று, யாருக்கும் தெரியாமல் லச்சுமியை அவிழ்த்துவிட்டிருக்கிறாள் பூங்காவனம். அதுவும் ஊர்க்கவுண்டரின் கொல்லையிலேயே. தின்ற சற்று நேரத்தில் பசு ஓடையோரம் போய் விழுந்துவிட்டது. அவள் ஆள் கூட்டி வருவதற்குள் செந்நாய்கள் வந்துவிட்டன. தோலை மட்டும் உரித்துக்கொண்டு, மிச்சத்தை ஓடையோரமே போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஊரே “செந்நாய், செந்நாய்” என்றது. அவளும் சரி என்று சொல்லிவிட்டாள்.

“மருந்து வெக்கறோம்னு சொன்னதிலேருந்து எனக்குச் சோறு எறங்கலே” என்று தேம்பினாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

ஊர்க்கவுண்டர் தாடையைச் சொறிந்தார். “மாடு போனதே போதும். இதுக்கு மேல இன்னா கேக்கறது?” என்றார். “ஏண்டி, நெய்யி வேணும்னா எங்க வீட்ல கேட்டா தர மாட்டாங்களா?”

ஆனால் வெள்ளையன் விடவில்லை. “அப்போ எங் கன்னுக்குட்டி? அதுக்கு இன்னா பதிலு?”

நியாயமான கேள்வி. நான் தரையைப் பார்த்தேன். பதில் ஊர்க்கவுண்டரிடமிருந்து வந்தது.

“உன் கன்னுக்குட்டியைப் பட்டியில அடைக்காம காட்டுல உட்டது யாரு? நீதானே? இந்த வருஷம் சாமை எவ்ளோ வந்துது சொல்லு. காட்டுப்பன்னி எறங்கினதா? ஏன் எறங்கலே? அதுங்க தின்னுது, அதனால எறங்கலே. ஒரு கன்னுக்குட்டி போச்சுன்னு அதுங்களையும் கொன்னுட்டா, அடுத்த வருஷம் பன்னிக்கு யாரு காவல் இருக்கறது? நீ இருக்கியா?”

இதையே மூன்று வருஷமாக அக்கா அந்த ஊரில் வீடு வீடாகச் சொல்லியிருக்கிறாள் என்பது நோட்டுப் புத்தகத்தைப் படித்த எனக்குத் தெரியும். அவளோ முதல் தடவை கேட்பவள்போலக் கண்ணை அகல விரித்து, “ஆமாங்க, அதுவும் சரிதானே!” என்றாள். என் பெரியப்பா மகள் இவ்வளவு பெரிய நடிகை என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. வெள்ளையன் முணுமுணுத்தான். பட்டிக்கு ஊரே சேர்ந்து முள்வேலி போட்டுத் தருவதென்று பேசி முடித்தபின் அடங்கினான்.

ஊர்க்கவுண்டர் எழுந்து கூரையிலிருந்து பாட்டிலை உருவி அக்காவிடம் நீட்டினார். “இதைக் கீழ எடுத்துட்டுப் போயிடும்மா. பசங்க ஓடியாடற வீடு.”

அக்கா அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டு அழுதாள். பூங்காவனமும் அழுதாள். கவுஸ் பாய் கண்ணைத் துடைத்தபோது கையிலிருந்த உப்பு பட்டு, அவரும் அழுதார். பிறகு மேளம் கொட்டி மாடுகளை ஊர்வலம் விட்டார்கள். நான் ஒற்றை ரப்பர் செருப்போடு ஆடினேன் என்று கவுஸ் பாய் சொல்வதில் உண்மை கொஞ்சம் உண்டு.

மறுநாள் காலை, மருந்து வைத்திருக்க வேண்டிய அதே நேரத்தில், பள்ளத்துக்கு இக்கரையில் ஒரு பாறையின்மேல் நாலு பேர் குப்புறப் படுத்திருந்தோம். அக்கா, நான், கவுஸ் பாய், பூங்காவனம். வருகிறாயா என்று அக்கா கேட்டதும் பூங்காவனம் மறுபேச்சுப் பேசாமல் வந்துவிட்டாள். இத்தனை வருஷம் மலையில் இருந்தும், செந்நாயைக் கல்லெடுத்து விரட்டியிருக்கிறாளே தவிர நின்று பார்த்ததில்லையாம். எதிர்ப்பக்கம் பாறை இடுக்கு ஒன்று கறுப்பாகத் தெரிந்தது. காற்று எங்களை நோக்கி வீசியது நல்லதாகப் போயிற்று.

முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு இரண்டு காது. தவிட்டு நிறத்தில், பூனை அளவில், குட்டையான வாலோடு ஒரு குட்டி வெளியே வந்து, தன் காலே தடுக்கி உருண்டது. அதன்மேல் இன்னொன்று உருண்டது. அதற்குப் பின்னால் மூன்று. அக்கா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மட்டும் இறுகிக்கொண்டே போயின. மூன்று வருஷம் தேடியலைந்த கூட்டத்தின் குட்டிகளை அவள் அப்போதுதான் பார்க்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. அவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. இந்த வரியை என் மனைவி படிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவுஸ் பாய் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். வாயைத் திறந்தார். இப்போது ‘ஃபர்ஸ்ட்’ என்று சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அதை மெதுவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்போது விசில் கேட்டது. கீழே ஓடையிலிருந்து ஒன்று, அதற்குப் பதிலாக மேலிருந்து ஒன்று. செங்கல் நிறத்தில், கறுத்த அடர்த்தியான வாலோடு ஐந்து செந்நாய்கள் வரிசையாக ஏறி வந்தன. எனக்குப் பயம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது, ஆனால் ஓடத் தோன்றவில்லை. குட்டிகள் ஓடிப்போய் பெரியவற்றின் வாயை நக்கின. முன்னால் வந்தது தலையைத் தாழ்த்தி, வயிற்றிலிருந்து எதையோ கக்கியது. குட்டிகள் மொய்த்துக்கொண்டன.

“இன்னாம்மா பண்ணுது, ஒடம்பு சரியில்லையா?” என்று பூங்காவனம் கிசுகிசுத்தாள்.

“ஊட்டுது” என்றாள் அக்கா. “தூரத்துல தின்ன கறியை வயித்துல வெச்சுக் கொண்டாந்து குட்டிங்களுக்குக் குடுக்குது. இதுங்களுக்கு இன்னும் வேட்டையாடத் தெரியாதில்லே.”

பூங்காவனம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்கா நீட்டிய பைனாகுலர் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமைலேருந்து என் லச்சுமியைத்தான் இப்படி ஊட்டிச்சா?”

இந்தத் தடவை அக்கா நடிக்கவில்லை. “ஆமாம் பூங்காவனம்” என்றாள்.

“அப்போ என் லச்சுமி செத்தும் பால் குடுத்திருக்குதும்மா.”

சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குட்டிகள் எத்தனை என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.